பாதாதிகேசம்

துராஸ்னோ நகராட்சிப் படிவத்தில்
வண்டி பிறந்த மாதத்துக்கு ஒரு கட்டம்,
வருடத்துக்கு ஒரு கட்டம்.
‘உத்தேசமாக’ என்று எழுத இடமில்லை.

கொட்டகையில் நின்றது ஃபோர்டு, ஏ மாடல்.
எப்போதும் போலக் காலிலிருந்து தொடங்கினேன்.
சக்கரம் பத்தொன்பது அங்குலம்: முப்பதில் வந்த அளவு.
ரேடியேட்டர் முகப்பில் நிக்கல் பூச்சு:
இருபத்தொன்பதைத் தாண்டாது.
ஸ்டீயரிங்கின் கறுப்பை நகத்தால் சுரண்டினால்
உள்ளே சிவப்பு, அதைவிடப் பழசு.
கைப்பிரேக் நடுவில்.
ஆனால் இடப்புறத் தரைப்பலகையில் ஒரு நீளப் பிளவு,
எண்ணெய் டின்னை வெட்டி அதன்மேல் ஆணியடித்த தகரம்.
லிவர் ஒரு காலத்தில் அங்கே இருந்திருக்கிறது.
சரி, பலகை இந்த வண்டியுடையது என்று யார் சொன்னது?
எஞ்சினில் எண்ணே இல்லை. மாற்றிப் போட்ட பிளாக்.
காலுக்கு ஒரு வயது, கைக்கு ஒரு வயது,
நெஞ்சுக்கு வயதே கிடையாது.

நெலிதா எட்செவெரி என் நிழலை மிதித்துக்கொண்டே வந்தார்.
“இருபத்தெட்டு, ஆகஸ்ட். எழுதிக்கொள்ளுங்கள்.
அம்மா அப்பாவோடு ஓடிவந்தது இதில்தான்.
பின்சீட்டுக்கடியில் படுத்து, மேலே மூன்று ஆட்டுத்தோல்
போர்த்திக்கொண்டு.”
அது அம்மா ஓடிவந்த தேதி, என்றேன்.
வண்டி அதற்கு முன்பே பிறந்து
கப்பலேறி இறங்கியிருக்க வேண்டும்.
கதவருகே மாத்தே தேநீரை உறிஞ்சிக்கொண்டிருந்த
தம்பி எலிசேயோ
யாரையும் பார்க்காமல் சொன்னார்:
“வண்டி பிறகு வாங்கியது. கம்பளி விற்ற காசில்.”
எழுபதை எட்டிய இருவரும்
இதை முதல்முறை பேசவில்லை என்பது தெரிந்தது.

யாரும் மாற்றாத இடம் ஒன்று உண்டு.
அடிச்சட்டத்தின் இடக்கை இரும்பு, உடலுக்குக் கீழே.
அங்கே குத்திய எண்ணைப் பார்க்க
உடலையே தூக்க வேண்டும்.
பெரும்பாலானவர்கள் அந்த இடத்தில் வேண்டாம் என்றுவிடுவார்கள்.
நெலிதா “தூக்கு” என்றார்.

ரோசெந்தோ கப்பிச் சங்கிலியை இழுத்தான்.
ஒரு சாண் எழுந்தது. ஒரு எலிக்கூடு விழுந்தது,
கூட்டில் யாருடைய சட்டையோ, நீலத் துணுக்குகள்.
மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து
காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்தேன்.
ஜாதகம் போல இதுவும்
நட்சத்திரத்தில்தான் தொடங்குகிறது:
ஒரு நட்சத்திரம், ஏ, பிறகு ஆறு இலக்கம்.
ஐந்து பளிச்.
முதலாவதைத் துரு தின்றிருந்தது.
ஒன்று. அல்லது ஏழு.
ஒன்று என்றால் மே.
ஏழு என்றால் டிசம்பர்.
ஆகஸ்ட் நடுவில் கிடந்தது, குளிரோடு.

நெலிதா உருப்பெருக்கியை வாங்கினார்.
முழங்கால் ஊன்றிக் குனிந்தவர்
நெடுநேரம் நிமிரவில்லை.
“ஏழு” என்றார்.
மெதுவாகச் சிரிக்க ஆரம்பித்தார்.
“அப்படியென்றால் நடந்து வந்திருக்கிறாள்.
கார்மெனிலிருந்து. ஆகஸ்ட் சேற்றில். நடந்து!
பொய்க்காரி. ஆட்டுத்தோலாம்.”

எலிசேயோ தேநீர்க் குடுவையைத் தரையில் வைத்தார்.
அவர் கேட்டுவந்த டிசம்பர் அது.
ஆனாலும் உருப்பெருக்கியை அக்கா கையிலிருந்து பிடுங்கி,
பார்த்தாரா என்றே தெரியவில்லை,
“ஒன்று” என்றார். “ஒன்றுதான்.
கண் தெரியாதா உனக்கு? அம்மா வண்டியில்தான் வந்தாள்.”

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.
மேலே தொங்கும் உடலின் கீழ் சங்கிலி முனகியது.
என் கண்ணுக்கு என்ன பட்டது என்று
இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

வருடக் கட்டத்தில் 1928 என்று எழுதினேன்.
மாதக் கட்டத்தில் ஒன்றும் எழுதவில்லை.
குமாஸ்தா திருப்பி அனுப்புவான். அனுப்பட்டும்.

உடலை இறக்கி முடுக்கினோம்.
எண்ணிக் கழற்றியதுதான், எண்ணி மாட்டியதுதான்;
ஒரு போல்ட் மிஞ்சியது.
நெலிதா அதை மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டு
வெளியே போய்
கார்மென் சாலை ஆரம்பிக்கும் இடத்தைப் பார்த்தபடி
தன் செருப்பைக் கழற்றி உதறினார்.